பேட் கன்ட்ரோலர் வாங்கும் முன் மெல்லத் தட்டிப் பாருங்கள்

பேட் என்றதும் ராமநாதபுரம் பக்கம் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது கச்சேரி மேடையில் குச்சியால் அடிக்கிற ஆக்டோபேட்தான். ரோலண்ட் கம்பெனி 1985இல் எட்டுத் தட்டோடு முதல் ஆக்டோபேடைக் கொண்டுவந்தது, அதன் வழியில் வந்த மாடல்கள் இன்றைக்கு ஊர்த் திருவிழா, கல்யாண வீடு என்று எல்லா மேடையிலும் இருக்கின்றன. நான் இங்கே சொல்லப்போவது அதை இல்லை. எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் மாதிரி ஒரு சாஃப்ட்வேரை கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு விரலால் தட்டித் தாளம் பதிவு செய்கிற சின்னப் பெட்டியான பேட் கன்ட்ரோலரைப் பற்றி. கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தங்கச்சிமடம் என்று கடலோரம் முழுக்க வீட்டு அறையிலேயே பாட்டு செய்கிற தம்பி தங்கச்சிகள் இருக்கிறார்கள். அதில் நிறையப் பேர் கலர் கலராக விளக்கு எரிகிற வீடியோவைப் பார்த்துவிட்டு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள், வந்தபிறகு கை பேசவில்லையே என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நம்ம பக்கத்துத் தாளத்தை இதில் கொண்டுவர முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தப் பெட்டிக்குள் சத்தம் எதுவும் கிடையாது. எந்தத் தட்டைத் தொட்டீர்கள், எவ்வளவு வேகமாகத் தட்டினீர்கள் என்ற இரண்டு எண்களைத்தான் அது யுஎஸ்பி வயர் வழியாக அனுப்புகிறது. 1983இல் வந்த மிடி, அதாவது இசைக் கருவிகளும் கம்ப்யூட்டரும் எண்களால் பேசிக்கொள்கிற முறைதான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. வேகத்துக்கு அதில் 1 முதல் 127 வரை எண் உண்டு, இதைத்தான் வெலாசிட்டி என்கிறார்கள். சத்தம் வருவது சாஃப்ட்வேரில் நீங்கள் ஏற்றி வைத்திருக்கிற சாம்பிளிலிருந்து, அதாவது முன்பே பதிவு செய்த ஒலித் துண்டிலிருந்து. அதனால் "இந்த மாடலில் சவுண்ட் நல்லா இருக்குமாண்ணே" என்ற கேள்விக்கு அர்த்தமே இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது தொடுகையை மட்டும்தான்.

ஆகவே என் கருத்தில் தேர்வு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று: மெல்லத் தட்டினால் அந்தப் பெட்டிக்குத் தெரிகிறதா. ஓங்கி அடித்தால் எந்தப் பெட்டியும் 127 என்று காட்டிவிடும், அதில் ஒரு திறமையும் இல்லை. ஆனால் நம்ம தாளங்களை யோசித்துப் பாருங்கள். பறையில் அடிக்குச்சி நடுவில் விழுகிற கனமான அடி ஒன்று, சிம்புக்குச்சி ஓரத்தில் சரசரவென்று நிரப்புகிற அடிகள் வேறு. அந்த நிரப்படிதான் ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கிறது. தவிலில் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் உருட்டுகிற உருட்டில் எல்லா அடியும் ஒரே கனமாக இருந்தால் அது தவில் மாதிரியே கேட்காது. தப்ஸிலும் அப்படித்தான், உள்ளங்கை விழுகிற ஒரு கனத்த அடிக்குப் பின்னால் விரல் நுனிகள் இழைக்கிற மெல்லிய அடிகள் வரிசையாக வரும். மெல்லிய அடியைப் பிடிக்காத பேடில் இதை வாசித்தால் பாதி அடி காணாமல் போகும், மீதிப் பாதி ஒரே சத்தத்தில் டக் டக் என்று விழும்.

இதைச் சோதிப்பது எப்படி? ராம்நாட்டில் பெட்டியைப் பிரித்து வைத்துத் தட்டிப் பார்க்க விடுகிற கடை கிடைப்பது கஷ்டம், மதுரைக்கோ சென்னைக்கோ போகிற வேலை இருந்தால் இசைக்கருவிக் கடையில் நேரம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் யாரிடமாவது இருந்தால் ஒரு மாலை இரவல் கேளுங்கள், பாட்டுக்காரர்கள் பொதுவாகக் கொடுப்பார்கள். போகும்போது உங்கள் லேப்டாப்பைக் கொண்டு போங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருள், மேக்கில் மிடி மானிட்டர், இரண்டில் ஒன்றைத் திறந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் என்ன எண் போகிறது என்று திரையில் ஓடும். இப்போது ஆள்காட்டி விரல் நுனியால், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தட்டுங்கள். வெலாசிட்டி எண் 10, 18, 25 என்று வருகிறதா, அல்லது ஒன்றுமே வராமல் இருந்துவிட்டு திடீரென 60, 70 என்று குதிக்கிறதா? குதித்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மெல்ல ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் கூட்டுங்கள், எண்ணும் படிப்படியாக ஏற வேண்டும்.

அடுத்து தட்டின் நான்கு மூலையிலும் தட்டிப் பாருங்கள். நடுவில் நன்றாக இருந்து மூலையில் செத்துப்போகிற பேட்கள் நிறைய. ஒரு தட்டைத் தட்டினால் பக்கத்துத் தட்டும் சேர்ந்து பேசுகிறதா என்று கவனியுங்கள். ஒரே அடி இரண்டு முறை தட்டியதாகப் பதிவானால் அது இரட்டை அடி, ஒரு ஒற்றை அடியைப் பதிவு செய்தால் படபடவென்று கேட்கும். இந்தக் கோளாறுகளைப் பல கன்ட்ரோலர்களில் சென்சிட்டிவிட்டி (எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும்), த்ரெஷோல்ட் (எவ்வளவு மெல்லிய அடி வரை கணக்கில் எடுக்க வேண்டும்), வெலாசிட்டி கர்வ் (அடியை எப்படி எண்ணாக மாற்ற வேண்டும்) என்ற அமைப்புகளைத் திருகிக் குறைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் திருகிச் சரிசெய்துவிட முடியாது. அடியில் இருக்கிற சென்சார் மட்டமானதாக இருந்தால் கர்வ் என்ன செய்யும்?

ஒரு முக்கியமான விஷயம், பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாம்பிள் ஒன்றே ஒன்று இருந்தால் பயன் இல்லை. மெல்ல அடித்த பறை என்பது சத்தம் குறைந்த பறை மட்டும் இல்லை, அதன் நாதமே வேறு. அதனால் பதிவு செய்யும்போதே மெல்லியது, நடுத்தரம், கனம் என்று மூன்று வகை எடுத்து 1 முதல் 40, 41 முதல் 90, 91 முதல் 127 என்று அடுக்கி வையுங்கள். எஃப்எல் ஸ்டுடியோவில் இருக்கிற எஃப்பிசி என்ற திரை பேடில் இந்த அடுக்கு வேலை சுலபம், ஏபிள்டனில் அதே மாதிரியான டிரம் ரேக்குக்குள் சாம்ப்ளர் அல்லது ரேக்கின் வெலாசிட்டி எல்லை வைத்துச் செய்யலாம். இன்னொன்று, கடல் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், எனவே பறையைத் தீயில் காய்ச்சியவுடனேயே எல்லா அடியையும் ஒரே மூச்சில் பதிவு செய்துவிடுங்கள். பாதி காய்ச்சிய உடனே, பாதி அரை மணி கழித்து என்று எடுத்தால் சுருதி ஒன்றோடொன்று ஒட்டாது. வாசிப்பவருக்கு உரிய சம்பளம் கொடுத்து, பெயரும் போட்டு எடுங்கள். அந்தக் கையிலிருந்துதான் உங்கள் பாட்டு வருகிறது.

எத்தனை தட்டு வேண்டும்?

நாலுக்கு நாலு, பதினாறு. 1988இல் ரோஜர் லின் வடிவமைத்து அகாய் கம்பெனி இறக்கிய எம்பிசி60 என்ற தாளக் கருவி இந்த அமைப்பைக் கொண்டுவந்தது, அதைத்தான் இன்றைக்கும் பாதிப் பேர் பின்பற்றுகிறார்கள். எஃப்பிசியின் திரையும் நாலுக்கு நாலு, டிரம் ரேக்கும் ஒரு நேரத்தில் காட்டுவது பதினாறுதான், அதனால் கைக்கும் திரைக்கும் குழப்பம் இல்லை. எட்டுத் தட்டு இருக்கிற அகாய் எல்பிடி8 மாதிரியானவை பைக்குள் போட்டுக்கொண்டு போக வசதி, ஆனால் இரண்டு கையாலும் வாசிக்க நெருக்கடி. தட்டின் அளவும் முக்கியம். கடலில் வலை இழுத்துக் காய்ப்பேறிய தடித்த விரல் உள்ளவர்கள் சின்னத் தட்டில் வாசித்தால் பக்கத்துத் தட்டில் விரல் படும், அவர்களுக்கு அகாய் எம்பிடி218 மாதிரி பெரிய தடித்த தட்டு சரியாக இருக்கும். அதில் பதினாறு தட்டு, மூன்று பேங்க் (அதே தட்டுகளுக்கு மாற்றி மாற்றி வைக்கிற ஒலி வரிசை), கையால் சுழற்றுகிற ஆறு திருகு. கொஞ்சம் அழுத்தித் தட்டக் கேட்கும் பெட்டி அது, மெல்லிய விரல்காரர்கள் தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறுபத்து நாலு தட்டோடு வருகிற லான்ச்பேட் வகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவை முதன்மையாக ஏபிள்டனில் கிளிப்களை, அதாவது தயாராக வைத்திருக்கிற சின்ன இசைத் துண்டுகளை ஓடவிடவும் நிறுத்தவும் செய்யப்பட்டவை. நோவேஷன் லான்ச்பேட் மினியில் வெலாசிட்டியே கிடையாது, நீங்கள் மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே எண்தான் போகும். அகாய் ஏபிசி மினியும் அப்படியே. தாளம் வாசிக்க இவற்றை வாங்கவே வாங்காதீர்கள். அதே வரிசையில் லான்ச்பேட் எக்ஸ் வாங்கினால் வெலாசிட்டியும் உண்டு, அழுத்தமும் தெரியும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், விலையில் வித்தியாசம் ஏன் என்றால் இதுதான். வாங்கும் பக்கத்தில் "வெலாசிட்டி சென்சிட்டிவ்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள், எழுதவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் என்றேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தட்டியபின் விரலை எடுக்காமல் அழுத்தினால் அந்த அழுத்தமும் தனி எண்ணாகப் போகிற வசதிக்கு ஆஃப்டர்டச் என்று பெயர். மேற்கத்திய டிரம் கிட் மட்டும் வாசிக்கிறவருக்கு இது பெரிய தேவை இல்லை. நமக்கு வேண்டும். உறுமியில் வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்புகிற அந்த உறுமலையோ, தபேலாவின் இடது பக்கத்தில் மணிக்கட்டை நகர்த்தி இழுக்கிற குழைவையோ ஒரே சாம்பிளாக வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இழுத்து அலுத்துவிடும். அழுத்தத்தைச் சுருதியோடு இணைத்துவிட்டால் நீங்கள் அழுத்தும் அளவுக்கு ஏற்றபடி குழைவு மாறும். வாங்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி அழுத்தமா, எல்லாத் தட்டுக்கும் சேர்த்து ஒரே எண்ணா என்று பாருங்கள். தனித்தனியாக இருந்தால் ஒரு கையில் உறுமலை இழுத்துக்கொண்டே மறு கையில் அடிகள் போடலாம், அவற்றின் சுருதி கலையாது.

நோட் ரிப்பீட் பொத்தான் இருப்பது நல்லது. அழுத்திப் பிடித்தால் டெம்போவுக்கு ஏற்ப அடி தானாக ஓடும், இதில் மும்மை அடி, அதாவது டிரிப்லெட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கும்மி, ஒயிலாட்டம் என்று நம்ம ஆட்டத்தில் நிறைய திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாகப் போகிறது. அகாய் ஃபயர் எஃப்எல் ஸ்டுடியோவுக்கென்றே செய்தது, நாலு வரிசையில் பதினாறு பதினாறாக 64 தட்டு, அடிகளைப் படிப்படியாகக் கட்டத்தில் வைத்துத் தாளம் அமைக்கிற ஸ்டெப் சீக்வென்சருக்கு அருமையான பெட்டி. ஆனால் பதினாறு படி என்பது நாலு நாலாகப் போகிற சதுஸ்ரத்துக்கு இயல்பாகப் பொருந்துகிற அமைப்பு. திஸ்ரம் போட பேட்டர்ன் நீளத்தைப் பன்னிரண்டு படியாகக் குறைத்து வேலை செய்ய வேண்டும், செய்யலாம், பழகினால் போதும். கையால் வாசித்துப் பதிவு செய்கிறவர் என்றால் உங்களுக்கு அது தேவையில்லை.

கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு மாதிரி எதையாவது பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அந்தப் பாட்டு ஒரே டெம்போவில் நிற்காது, வலையின் கனத்தோடு தளரும், மீன் சேர்கிற மடி கரையை நெருங்க நெருங்க வேகம் ஏறும். மெட்ரோனோமை அணைத்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டு அதன் மேலேயே பேடில் வாசியுங்கள். அப்புறம் குவான்டைஸ் போட்டு எல்லா அடியையும் கோட்டில் நிறுத்திவிடாதீர்கள். பாட்டை ஒரே டெம்போவில் செய்தாலும்கூட குவான்டைஸ் அளவை முழுதாக வைக்காமல் பாதி அளவில் வைத்துப் பாருங்கள், உங்கள் கையின் நடை கொஞ்சமாவது மிஞ்சும்.

எந்த சாஃப்ட்வேருக்கு எது?

மிடி எல்லாவற்றுக்கும் பொது, எந்த பேடும் எதிலும் வேலை செய்யும். ஆனால் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மஷீன், ஏபிள்டனின் புஷ் என்ற இரண்டு பேட்களும் அவற்றின் சொந்த சாஃப்ட்வேரோடு இருந்தால்தான் முழு மதிப்பு. எஃப்எல் ஸ்டுடியோவில் வேலை செய்கிறவர் புஷ் வாங்குவது வீண் செலவு. ரீப்பர்காரர்கள், லாஜிக்காரர்கள் பொதுவான பதினாறு தட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இசையமைப்பு முழுவதையும் ஒரே பெட்டியில் செய்ய நினைக்கிறவர்களுக்கு அகாய் எம்பிகே மினி மாதிரி 25 கட்டையும் எட்டுத் தட்டும் சேர்ந்தது வசதி, கைக்காசு குறைவாக இருக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதுதான், தாள வாசிப்பு முதன்மை இல்லை என்றால் மட்டும்.

லேப்டாப் இல்லை, போன்தான் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு 6 முதல் மிடி வசதி உள்ளேயே வருகிறது. போனில் யுஎஸ்பி சாமானைச் சொருக உதவுகிற ஒரு ஓடிஜி வயர், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் அல்லது கோலா சாம்ப்ளர், போதும். பெட்டி "கிளாஸ் கம்ப்ளையன்ட்" வகையா, அதாவது டிரைவர் போடாமல் ஓடுமா என்று பாருங்கள். சத்தம் கேட்க வயர் ஹெட்போனே வேண்டும். புளூடூத் ஹெட்போனில் தட்டுக்கும் சத்தத்துக்கும் நடுவே 100 மில்லி விநாடிக்கு மேல் இடைவெளி விழும், அதில் யாராலும் தாளம் வாசிக்க முடியாது.

கம்ப்யூட்டரிலும் இதே தாமதப் பிரச்சினை வரும், பேட் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கிற ஆசியோ என்ற ஆடியோ டிரைவரில் ஓட்டுங்கள், எஃப்எல் ஸ்டுடியோ ஆசியோ அதோடு சேர்ந்தே வருகிறது, மற்றவர்களுக்கு ஆசியோ4ஆல் இலவசம். பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்துவைத்து அனுப்புகிற ஒலியின் அளவு, 1024 என்று இருந்தால் 44,100 சாம்பிள் ரேட்டில் 23 மில்லி விநாடி தாமதம், விரலுக்குத் தெரியும். 256க்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 6 மில்லி விநாடி, அது போதும். வாசிக்கும்போது குறைத்து வையுங்கள், மிக்ஸ் பண்ணும்போது கூட்டிக்கொள்ளுங்கள்.

கடல் காற்றும் கரண்டும்

இது வெளியூர் வீடியோக்களில் யாரும் பேசாத விஷயம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற வீட்டில் உப்புக் காற்று யுஎஸ்பி முனையையும் திருகுகளின் உள்பக்கத்தையும் அரிக்கும், திருகினால் எண் தாவித் தாவி வரும். அதனால் நமக்குத் திருகும் ஸ்லைடரும் குறைவாக உள்ள பெட்டியே நல்லது, அரிக்க வழி குறைவு. தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கிற ரப்பர் பூச்சுப் போட்ட பெட்டிகளைத் தவிருங்கள், ஈரக் காற்றில் சில வருஷத்தில் அந்தப் பூச்சு பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். சிலிக்கோன் தட்டுகளுக்கு அந்தக் கேடு இல்லை. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். முனையைச் சுத்தம் செய்ய எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற கான்டாக்ட் கிளீனர் போதும், தேங்காய் எண்ணெயோ இயந்திர எண்ணெயோ வேண்டாம்.

கரண்டைப் பொறுத்தவரை, யுஎஸ்பியிலேயே ஓடுகிற பெட்டியாகப் பாருங்கள். புயல் சின்னம் என்று கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் வேலை நடக்கும். வயரைத் தனியாகக் கழற்ற முடிகிற மாடல் நல்லது, வயர் கெட்டால் வயரை மட்டும் மாற்றலாம். யுஎஸ்பி ஹப்பில் நாலைந்து சாமானோடு சேர்த்துச் சொருகினால் மின்சாரம் பத்தாமல் விளக்கு மங்கும், அடி தவறும். நேரடியாக லேப்டாப்பில் சொருகுங்கள்.

பழையது வாங்குவது நல்ல யோசனைதான், பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் கடலோர வீட்டில் இருந்த பெட்டி என்றால் யுஎஸ்பி துளையை டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். தட்டுகளில் கீழ் வரிசை இடது ஓரத்தைக் கூடுதலாகச் சோதியுங்கள். கிக் டிரம் வழக்கமாக அங்கேதான் இருக்கும், எல்லோரும் அதிகமாக அடித்துத் தேய்த்த இடம் அது.

ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பார்சலைப் பிரிப்பதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதை ஆர்டர் போடும் முன்பே படித்துவிடுங்கள், தீவுப் பக்கமும் கிராமங்களிலும் கூரியர் வந்து எடுத்துக்கொண்டு போகவே நாள் ஆகும். வந்த அன்றே மிடி-ஆக்ஸைத் திறந்து பதினாறு தட்டையும் மேலே சொன்னபடி மெல்லத் தட்டி, மூலை தட்டிப் பாருங்கள். ஒரே ஒரு தட்டு மந்தமாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே மாற்றக் கேளுங்கள். எல்லாம் சரி என்றால் மிடி நோட் எண் 36இல் கிக், 38இல் ஸ்னேர், 42இல் மூடிய ஹைஹாட், 46இல் திறந்த ஹைஹாட் என்ற பொது வரிசையை ஒரு பேங்கில் வைத்துவிட்டு, அடுத்த பேங்கை முழுக்க பறை, தவில், தப்ஸ், உறுமிக்கு ஒதுக்குங்கள். கனத்த அடிகள் கீழ் வரிசையில், நிரப்படிகள் அதற்கு மேல் வரிசையில், ஒரே அடியின் இரண்டு சாம்பிள் பக்கத்துப் பக்கத்துத் தட்டில். இரண்டு கை விரலும் மாறி மாறி விழ அதுதான் வசதி. அந்த அமைப்பை டெம்ப்ளேட்டாக சேவ் பண்ணிவிட்டு, அதை மாற்றாமல் கொஞ்ச நாள் வாசியுங்கள்.